சி.எம்.வி. பாசிட்டிவ் என்று வந்த பிறகு: கைக்குழந்தைகளின் கல்லீரல் பாதிப்பு குறித்த அனுபவப் பகிர்வு

பொன்னிக்கரை (தாய், திருச்சி மாவட்டம்)

பிறந்து ஒரு மாதம் கடந்தும் மஞ்சள் காமாலை விலகாத கைக்குழந்தைக்கு இரத்தப் பரிசோதனை செய்து, "சி.எம்.வி. ஐ.ஜி.எம். பாசிட்டிவ்" என்று எழுதிய தாளைக் கையில் வாங்கிய பெற்றோர் இங்கே பலர் இருக்கிறீர்கள். சி.எம்.வி. என்பது சைட்டோமெகலோவைரஸ் என்னும் வைரஸ்; ஐ.ஜி.எம். என்பது புதிய தொற்றின்போது உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள். அந்தத் தாள் வந்த பிறகு உங்கள் குழந்தைக்கு என்னென்ன செய்யப்பட்டது, எது செய்யாமல் விடப்பட்டது என்பதை விரிவாக எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். முதலில் எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன்.

என் மகள் நிறைமாதத்தில், நல்ல எடையுடன் பிறந்தவள். பிறந்த சில நாட்களில் வந்த காமாலைக்கு நீல விளக்கின் கீழ் வைத்தார்கள். குறைந்ததும் வீடு திரும்பினோம். பிறகு கண்கள் மறுபடியும் மஞ்சளித்தன. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இது கொஞ்ச காலம் இருக்கும், காலை வெயில் காட்டினால் போய்விடும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். தாய்ப்பாலையொட்டி வரும் காமாலை என்று ஒன்று உண்மையிலேயே இருப்பதால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வகைக் காமாலையில் சிறுநீர் துணியில் மஞ்சள் கறை பிடிக்காது, மலமும் வெளுக்காது. எங்கள் மகளுக்கு இரண்டும் இருந்தன. துவைத்தாலும் போகாத கறை. மலமோ வாரத்துக்கு வாரம் நிறம் இழந்து, கடைசியில் அரைத்த அரிசி மாவின் நிறத்துக்கு வந்துவிட்டது.

ஒன்றரை மாதத் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்றபோது, கிராம சுகாதாரச் செவிலியர் குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டு, "கழற்றிய துணி இருந்தால் காட்டும்மா" என்றார். பையில் இருந்ததை எடுத்துக் காட்டினேன். அதைப் பார்த்தவர் அங்கிருந்தபடியே எங்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, பிலிருபின் (காமாலையை உண்டாக்கும் மஞ்சள் நிறமி) பரிசோதனைக்கு எழுதி வாங்கினார். மொத்த பிலிருபின் எவ்வளவு என்பதோடு நில்லாமல், அதில் நேரடி பிலிருபின் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். நேரடி பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டினாலே பித்தம் கல்லீரலிலிருந்து சரியாக வெளியேறவில்லை என்று பொருள். எங்கள் மகளுக்கு அது பல மடங்கு அதிகமாக இருந்தது.

நாங்கள் முதலில் சென்ற மருத்துவமனையில் டார்ச் பரிசோதனை (தாயிடமிருந்து குழந்தைக்கு வரக்கூடிய சில தொற்றுகளைத் தேடும் இரத்தப் பரிசோதனை) எடுத்தார்கள். சி.எம்.வி. ஐ.ஜி.ஜி. (நெடுநாள் நிலைக்கும் எதிர்ப்பொருள்), ஐ.ஜி.எம். இரண்டுமே பாசிட்டிவ். வைரஸ் கல்லீரலைத் தாக்கியிருக்கிறது, காரணம் கிடைத்துவிட்டது, மருந்து எழுதித் தருகிறோம், ஒரு மாதம் கழித்து வாருங்கள் என்றார்கள். காரணம் கிடைத்துவிட்டது என்ற சொல் அப்போது எங்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. என் நாத்தனார் செவிலியர். அவர் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "அண்ணி, மலம் வெளுத்திருக்கிறதே, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே" என்று கேட்டு, சென்னையில் குழந்தைகள் கல்லீரல் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் எங்களை அனுப்பிவைத்தார்.

அந்த மருத்துவர் ரிப்போர்ட்டை விரிக்கும் முன் மலத்தைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "சி.எம்.வி. இருக்கலாம். பித்தநாளம் திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்பது தனிக் கேள்வி. அதற்கு இந்த ரிப்போர்ட் பதில் சொல்லாது. அடைந்திருந்தால் நமக்கு அதிக நாள் இல்லை." கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்தான் பித்தநாளம். அன்றே வைட்டமின் கே ஊசி போட்டு, இரத்தம் உறையும் நேரத்தைப் பார்த்தார்கள். பித்தம் குடலுக்கு வராவிட்டால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடலில் சேராது என்பதும், வைட்டமின் கே குறைந்தால் மூளைக்குள்ளேயே இரத்தம் கசியக்கூடும் என்பதும் அதுவரை எங்களுக்கு யாரும் சொல்லாதவை. நான்கு மணி நேரம் பால் கொடுக்காமல் வைத்து எடுத்த ஸ்கேனில் பித்தப்பை சுருங்கி, இருக்கிறதா இல்லையா என்னும் அளவில் இருந்தது. கல்லீரல் பயாப்சியும் அடைப்பையே காட்டியது. அறுவை அரங்கில் பித்தப்பைக்குள் சாயம் செலுத்திப் பார்த்தபோது அது கல்லீரல் பக்கமும் போகவில்லை, குடல் பக்கமும் இறங்கவில்லை. அதே மயக்கத்தில் கசாய் அறுவை சிகிச்சை செய்தார்கள். சுருங்கி அடைந்துபோன பித்தநாளத்தை அகற்றிவிட்டு, கல்லீரலின் வாயிலில் குடலைக் கொண்டுவந்து தைக்கும் சிகிச்சை இது. ஜப்பானின் சென்டாய் நகரில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் 1950களில் உருவாக்கியது.

அறுவைக்குப் பிறகு முதன்முதலாகப் பச்சை கலந்த மலத்தைப் பார்த்தபோது அந்த வார்டில் இருந்த எல்லாத் தாய்மார்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். இரத்தத்திலும் கல்லீரல் திசுவிலும் சி.எம்.வி. பி.சி.ஆர். (வைரஸின் டி.என்.ஏ.வைத் தேடும் சோதனை) பாசிட்டிவாக இருந்ததால் கான்சிக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் கொடுத்தார்கள். இன்று அவள் எல்.கே.ஜி. படிக்கிறாள். பிலிருபின் இயல்பாக இருக்கிறது. மண்ணீரல் சற்றுப் பெரிதாக இருப்பதால் கண்காணிப்பு தொடர்கிறது.

எனக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். வைரஸ் வெள்ளையணுக்களுக்குள் இருப்பதால் முழு இரத்தத்தில் பி.சி.ஆர். செய்ய வேண்டும் என்று மருத்துவர் எழுதியிருந்தார். உடலைக் காக்க வேண்டிய அணுக்களுக்குள்ளேயே வைரஸ் இருந்தால், அவை ஏன் அதை ஒழிப்பதில்லை? மருந்து என்ன செய்யும்? விவரம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.

நெல்லை அப்பா

சகோதரி, எங்கள் மகனுக்கு நடந்தது வேறு. அவனுக்கு மலம் ஒருநாளும் முழுவதுமாக வெளுக்கவில்லை. கல்லீரலும் மண்ணீரலும் வீங்கியிருந்தன, தட்டணுக்கள் குறைந்திருந்தன, தோலில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. பிறந்த முதல் வாரத்திலேயே சிறுநீரில் சி.எம்.வி. பி.சி.ஆர். எடுத்ததால், கருவிலேயே தொற்று ஏற்பட்டது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பிறந்து மூன்று வாரங்களுக்குள் எடுத்தால்தான் அப்படிச் சொல்ல முடியும் என்றார் எங்கள் மருத்துவர். அதற்குப் பின் பாசிட்டிவ் வந்தால், பிறப்பதற்கு முன் வந்ததா, பிரசவத்தின்போதோ தாய்ப்பால் வழியாகவோ வந்ததா என்று பிரித்தறிய முடியாது. ஆகவே பிறந்தவுடனேயே காமாலையோடு தட்டணுக் குறைவும் இருக்கும் குழந்தைக்கு அந்தச் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போட விடாதீர்கள் என்று இங்குள்ள எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் நரம்பு வழியாகக் கான்சிக்ளோவிர், பிறகு வாய்வழியாக வால்கான்சிக்ளோவிர் திரவம், மொத்தம் ஆறு மாதங்கள். எங்களை மிகவும் வருத்தியது அந்த மருந்தின் பக்கவிளைவு. நியூட்ரோபில் என்னும் வெள்ளையணுக்கள் இறங்கிக்கொண்டே வந்தன. முதலில் வாரம் ஒருமுறை, பிறகு இடைவெளி விட்டு இரத்தம் எடுத்தார்கள். எண்ணிக்கை 500க்குக் கீழே போனபோது மருந்தை நிறுத்திவைத்து, ஏறியதும் மீண்டும் தொடங்கினார்கள். அந்த இடைவெளியில் வீட்டுக்கு விருந்தினரே வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். என் தகப்பனார்கூடப் பேரனை வாசலில் நின்றே பார்த்துவிட்டுப் போனார்.

கல்லீரல் நொதிகள் படிப்படியாக இயல்புக்கு வந்தன. ஆனால் கல்லீரல் தேறியதோடு கண்காணிப்பு முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பிறந்தபோது எடுத்த பெரா என்னும் செவித்திறன் பரிசோதனையில் இரு காதுகளும் சரியாகவே இருந்தன. சில மாதங்கள் கழித்து மறுபடி எடுத்தபோது வலது காதில் கேட்கும் திறன் குறைந்திருந்தது. கருவில் வந்த சி.எம்.வி. தொற்றில் செவித்திறன் இப்படித் தாமதமாகவும் குறையும் என்பதால்தான் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கச் சொல்கிறார்கள். இப்போது கருவி பொருத்தியிருக்கிறோம். தெளிவாகப் பேசுகிறான்.

நுண்ணோக்கி (வைரஸ் ஆய்வகப் பணியாளர், சென்னை)

பொன்னிக்கரை சகோதரியின் கேள்விக்கு ஆய்வக மேசையிலிருந்து பதில் எழுத முயல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் வரும் மாதிரி ஊதா மூடி போட்ட குழாயில் வரும். அதைச் சுழற்றி எடுத்தால் அடியில் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவில் நூலளவு வெண்படலம். அந்தப் படலம்தான் வெள்ளையணுக்கள். கைக்குழந்தையிடம் எடுக்கும் ஒன்றிரண்டு மில்லிலிட்டர் இரத்தத்தில் அது கண்ணுக்கே அரிதாகத் தெரியும். சி.எம்.வி. தொற்றில் வைரஸின் பெரும்பகுதி அந்தப் படலத்தில்தான் இருக்கிறது. பிளாஸ்மாவில் மட்டும் தேடினால் அணுக்களிலிருந்து வெளியே வந்த டி.என்.ஏ. மட்டுமே அகப்படும், முழு இரத்தத்தில் தேடினால் அணுக்களுக்குள் இருப்பதும் சேர்ந்து வரும். அதனால் ஒரே குழந்தைக்கு இரண்டு வகை மாதிரிகளிலும் வரும் எண்கள் ஒத்துப்போகா. சென்ற மாதம் பிளாஸ்மாவில் வந்த எண்ணையும் இந்த மாதம் முழு இரத்தத்தில் வந்த எண்ணையும் அருகருகே வைத்து வைரஸ் ஏறிவிட்டது என்று கலங்கி எங்களைத் தொலைபேசியில் அழைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். 2010இல் உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவுகோல் வந்த பிறகு ஆய்வகங்களுக்கிடையே வேறுபாடு குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரே ஆய்வகம், ஒரே வகை மாதிரி என்று தொடர்வதே நல்லது.

பி.சி.ஆர். பரவலாவதற்கு முன் ஆன்டிஜனீமியா என்று ஒரு சோதனை செய்து வந்தோம். வெண்படலத்தைப் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, வைரஸின் பிபி65 என்னும் புரதத்தை ஒளிரச் செய்து, இரண்டு லட்சம் அணுக்களில் எத்தனை நியூட்ரோபில்களின் உட்கருவில் அந்தப் பச்சை ஒளி தெரிகிறது என்று எண்ணுவோம். மாதிரி சில மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும்; தாமதமானால் நியூட்ரோபில்கள் சிதைந்துவிடும். நெல்லை ஐயா சொன்னதுபோல் மருந்தால் நியூட்ரோபில்கள் குறைந்துபோன குழந்தைக்கு எண்ணுவதற்கே அணுக்கள் கிடைக்காது. நியூட்ரோபில்களுக்குள் வைரஸ் முழுமையாகப் பெருகுவதில்லை. தொற்றிய இடங்களைக் கடந்து வரும்போது அவை அந்தப் புரதத்தைச் சுமந்துவருகின்றன.

வைரஸ் உண்மையில் குடிகொள்வது மோனோசைட் என்னும் வெள்ளையணுக்களிலும், அவற்றைப் பிறப்பிக்கும் எலும்பு மஜ்ஜையின் மூல அணுக்களிலும்தான். நலமாக இருக்கும் ஒருவரிடம் பத்தாயிரம் அணுக்களில் ஒன்றிலோ அதற்கும் குறைவாகவோதான் அது உறங்கும். மோனோசைட் இரத்தத்தில் சில நாட்களே சுற்றிவிட்டுத் திசுக்களுக்குள் புகுந்து, மேக்ரோபேஜ் என்னும் விழுங்கும் அணுவாக மாறுகிறது. அப்படி மாறும் வேளையில்தான் உறங்கிய வைரஸ் விழித்துப் பெருகத் தொடங்குகிறது. இனி கல்லீரலைப் பாருங்கள். குடலிலிருந்து வரும் இரத்தம் முழுவதும் அதன் வழியாகச் செல்வதால், உடலிலேயே மேக்ரோபேஜ்கள் மிகுதியாக நிறைந்த உறுப்பு அது. குப்ஃபர் செல்கள் என்னும் அதன் காவல் அணுக்கள் இரத்தப் பாதை நெடுக இருக்கின்றன. கல்லீரலில் எந்தக் காரணத்தால் அழற்சி வந்தாலும் மோனோசைட்டுகள் அங்கே குவியும். அவற்றில் சில வைரஸைச் சுமந்திருந்தால் அங்கேயே விழிக்கும். கல்லீரல் அணுக்களையும் பித்தநாளத்தின் உட்சுவர் அணுக்களையும் தொற்றும்.

இந்த இடத்தில்தான் பெற்றோரும், சில வேளைகளில் மருத்துவர்களும், நின்று யோசிக்க வேண்டும். அழற்சியுள்ள கல்லீரலுக்கு வெள்ளையணுக்கள் திரண்டு வருகின்றன; வெள்ளையணுக்களில் வைரஸ் இருக்கிறது; ஆகவே கல்லீரல் திசுவில் பி.சி.ஆர். பாசிட்டிவ் வந்தால்கூட, கல்லீரலைக் கெடுத்தது வைரஸ்தானா, அல்லது வேறு காரணத்தால் கெட்ட கல்லீரலுக்கு வெள்ளையணுக்களோடு வைரஸும் வந்து சேர்ந்ததா என்பதை அந்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் கொண்டு சொல்லிவிட முடியாது. இரத்தத்தில் எடுக்கும் ஐ.ஜி.ஜி. இன்னும் குறைவாகவே சொல்லும். அது பெரும்பாலும் தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்தது, நம் நாட்டில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் அது உண்டு. ஐ.ஜி.எம். பொய்யாக பாசிட்டிவும் வரும், தொற்று இருந்தும் நெகட்டிவும் வரும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு மற்ற தேடல்களை மூடிவிடுவது பெரிய ஆபத்து என்பதை இத்தனை காலம் அந்த ரிப்போர்ட்டுகளை அச்சிட்டு அனுப்புபவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்.

காவல் அணுக்கள் ஏன் வைரஸை ஒழிப்பதில்லை என்று கேட்டிருந்தீர்கள். தொற்றிய அணு தன்னுள்ளே இருக்கும் அந்நியப் புரதத் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் அதைப் பார்த்து அந்த அணுவைக் கொல்லும். சி.எம்.வி. அந்த ஏந்தும் மூலக்கூறுகளையே அணுவுக்குள் இழுத்துச் சிதைத்துவிடுகிறது. அப்படி எதையும் காட்டாத அணுக்களைக் கொல்வதற்கென்றே என்.கே. செல்கள் என்று ஒரு பிரிவு உண்டு. அவற்றை ஏமாற்றப் போலி மூலக்கூறுகளை நிறுத்துகிறது. போதாததற்கு, அழற்சியைத் தணிக்க நம் உடல் சுரக்கும் இன்டர்லூக்கின்-10 போன்ற ஒரு புரதத்தைத் தானே தயாரிக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் பெரியவர்களின் உடல் அதை அடக்கிவைக்கிறது என்றால், அதற்காக, முன்பு கண்ட கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் நினைவு டி செல்களில் பெரும் பங்கை, ஏறக்குறைய பத்தில் ஒன்றை, செலவிடுகிறது. கைக்குழந்தைக்கு அந்தப் படை இன்னும் திரளவில்லை. குறிப்பாக சி.டி.4 வகை டி செல்களின் எதிர்ப்பு வலுப்பெற நெடுங்காலம் ஆகிறது. தொற்றிய குழந்தையின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் ஆண்டுக்கணக்கில் வைரஸ் வருவதற்கு இதுவே காரணம்.

மருந்து குறித்து ஒரே ஒரு விளக்கம். கான்சிக்ளோவிர் தன்னளவில் செயலற்றது. வைரஸின் சொந்த நொதி ஒன்று அதைத் தூண்டிய பிறகே, அது வைரஸ் டி.என்.ஏ. படியெடுப்பதைத் தடுக்கும். உறங்கும் வைரஸ் அந்த நொதியை உண்டாக்குவதில்லை. எனவே மோனோசைட்டுக்குள் ஓசையின்றி இருப்பதை மருந்து தொடாது. பெருகிக்கொண்டிருப்பதை மட்டுமே அடக்கி, குழந்தையின் எதிர்ப்பாற்றல் வளரும்வரை காலம் பெற்றுத் தருகிறது.

இன்னொரு செய்தியும் இந்தப் பகிர்வுக்குப் பொருந்தும். 1950களின் நடுவில் மூன்று அமெரிக்கக் குழுக்கள் தனித்தனியே இந்த வைரஸைப் பிரித்தெடுத்தன. மார்கரெட் ஸ்மித் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்தும், வாலஸ் ரோ அடினாய்டு திசுவிலிருந்தும் எடுத்தார்கள். போலியோ ஆய்வுக்காக 1954இல் நோபல் பரிசு பெற்ற தாமஸ் வெல்லர் எடுத்தது, காமாலையோடு வந்த ஒரு கைக்குழந்தையின் கல்லீரல் பயாப்சியிலிருந்து.

தேன்மொழி, கோவை

என் மகனுக்கு இரண்டரை மாதம். பித்தநாளம் திறந்திருக்கிறது என்று எல்லாப் பரிசோதனைகளும் சொல்லிவிட்டன. சி.எம்.வி. என் பால் வழியாக வந்திருக்கலாம் என்றார்கள். அதைக் கேட்டதிலிருந்து என் மாமியார் பாலை நிறுத்தச் சொல்கிறார். நிறுத்த வேண்டுமா?

மருத்துவர் (குழந்தைகள் கல்லீரல் பிரிவு)

தேன்மொழி அம்மா, பாலை நிறுத்த வேண்டாம். உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சி.எம்.வி. எதிர்ப்பொருள் உள்ள தாய்மாரில் பெரும்பாலானோரின் பாலில் பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் வைரஸ் வருகிறது. நிறைமாதக் குழந்தைகளில் ஏராளமானோர் அப்படித்தான் அதைப் பெறுகிறார்கள், எந்தத் துன்பமும் இல்லாமல் கடக்கிறார்கள், தாயின் எதிர்ப்பொருளும் அவர்களுக்குத் துணை நிற்கிறது. ஒன்றரைக் கிலோவுக்கும் குறைந்த எடையில், மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைகளுக்குத்தான் பால்வழித் தொற்று கடுமையாகக்கூடும்; அவர்களுக்குக்கூடப் பால் பதப்படுத்துவது குறித்து மருத்துவமனைக்கு மருத்துவமனை நடைமுறை வேறுபடுகிறது. உங்கள் மகனுக்கு ஏற்பட்டிருக்கும் கல்லீரல் அழற்சி பெரும்பாலான குழந்தைகளில் தானாகவே தணியும். நேரடி பிலிருபின் குறைகிறதா, எடை ஏறுகிறதா என்பதை உங்கள் மருத்துவர் பார்த்து வருவார். மருந்து தேவையா என்பதையும் அதை வைத்தே முடிவு செய்வார்.

நுண்ணோக்கி ஐயா எழுதியதற்கு மருத்துவப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். பித்தநாள அடைப்புக்கும் இந்த வைரஸுக்கும் உள்ள உறவு பல ஆண்டுகளாக ஆராயப்படுகிறது. அமெரிக்காவின் டென்வர் நகரில் காரா மாக் குழுவினர், அடைப்பு கண்டறியப்பட்ட நேரத்தில் குழந்தைகளின் கல்லீரலிலிருந்து டி செல்களைப் பிரித்தெடுத்துப் பல வைரஸ்களின் புரதங்களோடு வைத்துப் பார்த்தார்கள். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளின் டி செல்கள் சி.எம்.வி.க்கு எதிராகக் கிளர்ந்தன. அதே குழந்தைகளிடம், அழற்சியை மட்டுப்படுத்தும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் குறைந்திருந்தன. வைரஸ் ஒரு பொறியை வைத்துவிட்டுப் போக, அதை அணைக்க வேண்டிய அணுக்கள் போதாமையால், எதிர்ப்பாற்றலே பித்தநாளத்தைத் தொடர்ந்து தாக்குகிறது என்னும் கருத்துக்கு இது வலுச்சேர்க்கிறது. ஆனால் அடைப்புள்ள எல்லாக் குழந்தைகளிடமும் சி.எம்.வி. இல்லை, சி.எம்.வி. உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலானோருக்கு அடைப்பு வருவதில்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு எங்களைப் போன்றோரின் நடைமுறையை நேரடியாகத் தொடுகிறது. சி.எம்.வி. ஐ.ஜி.எம். பாசிட்டிவாக இருந்த அடைப்புக் குழந்தைகள் அறுவைக்கு வந்தபோதே மற்றவர்களைவிட வயது கூடியவர்களாக இருந்தார்கள். அவர்களுடைய கல்லீரலில் அழற்சி மிகுந்திருந்தது. கசாய் அறுவைக்குப் பிறகு காமாலை தெளிந்தவர்கள் மிகவும் குறைவு. இத்தகைய குழந்தைகளுக்கு வைரஸ் மருந்து கொடுப்பதா என்பதில் இன்னும் எல்லோரும் ஒரே கருத்துக்கு வரவில்லை, பி.சி.ஆர். பாசிட்டிவாக இருந்தால் நான் கொடுக்கிறேன். ஆனால் மருந்துக்காக அறுவையை ஒருநாளும் தள்ளிவைப்பதில்லை. இரண்டு மாதம் நிறைவதற்குள் கசாய் செய்யப்பட்டால் பலன் கூடுதல். வைரஸுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாம், காத்திருக்கலாம் என்று நான்கைந்து வாரங்கள் கழிந்த பிறகு, கடினப்பட்ட கல்லீரலோடும் வயிற்றில் நீரோடும் வரும் குழந்தைகளைப் பார்க்கும்போது என் மனம் ஆறுவதில்லை. மலம் வெளுத்திருந்தால், எந்த வைரஸ் ரிப்போர்ட் எப்படி இருந்தாலும், பித்தநாளம் திறந்திருக்கிறது என்று நிரூபணமாகும் வரை அடைப்பு என்றே கருதித் தேட வேண்டும். தைவானில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையின் சுகாதாரக் கையேட்டிலும் 2004 முதல் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை இருக்கிறது. தாய் அதோடு ஒப்பிட்டுப் பார்த்து, நிறம் மாறினால் உடனே தெரிவிக்கிறாள்.

கொங்கு அப்பா

எங்கள் மகளுக்கும் பித்தநாள அடைப்புதான், ஆனால் சிகிச்சைக்கு வந்தது தாமதமாக. கசாய் செய்தும் பித்தம் இறங்கவில்லை. ஒரு வயதுக்குள் கல்லீரல் மாற்று சிகிச்சை ஆயிற்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இல்லையென்றால் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டோம். என் மனைவிதான் தானம் செய்தார். 1998 நவம்பரில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்கு டெல்லியில், அதே பித்தநாள அடைப்புக்காக, தந்தையின் கல்லீரல் பகுதியை வைத்து இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று நடந்தது என்று ஒருங்கிணைப்பாளர் எங்களுக்குச் சொன்னது அன்று பெரிய தெம்பாக இருந்தது.

இந்தப் பகிர்வுக்குப் பொருத்தமானதை மட்டும் எழுதுகிறேன். தானம் தருபவரின் கல்லீரலோடு அதில் உறங்கும் சி.எம்.வி.யும் வந்துசேரும். என் மனைவிக்கு ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ். மகளுக்கும் பாசிட்டிவ்தான், ஆனால் அந்த வயதில் அது தாயின் எதிர்ப்பொருளாக இருக்கலாம் என்பதால், தொற்றே வராத குழந்தையாகவே அவளைக் கருதினார்கள். புதிய கல்லீரலை உடல் நிராகரிக்காதிருக்க டி செல்களை அடக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ஒருபக்கம், வைரஸைத் தடுக்கும் வால்கான்சிக்ளோவிர் மறுபக்கம். வால்கான்சிக்ளோவிரை நிறுத்திய பிறகு ஒரு பி.சி.ஆரில் வைரஸ் ஏறியிருந்தது. அவளோ விளையாடிக்கொண்டிருந்தாள், காய்ச்சல்கூட இல்லை. வாரந்தோறும் இரத்தம் எடுப்பது ஏன் என்பது அப்போது புரிந்தது. உடனே மருந்தைத் தொடங்கியதால் கல்லீரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இரத்தம் ஏற்ற வேண்டியிருந்த ஒவ்வொரு முறையும் வெள்ளையணுக்களை வடிகட்டிய இரத்தமே கேட்டார்கள். அந்த வடிகட்டிக்குத் தனிச் செலவு உண்டு. வைரஸ் வெள்ளையணுக்களில் இருப்பதால் அவற்றை நீக்கினால் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறையும் என்று இரத்த வங்கியில் விளக்கினார்கள். உங்கள் குழந்தைக்கு இரத்தம் ஏற்றும் நிலை வந்தால் இதைக் கேட்டுப் பெறுங்கள்.

பொன்னிக்கரை

எல்லோருக்கும் நன்றி. மருத்துவரிடம் கடைசியாக ஒரு கேள்வி. நான் இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறேன். மகளின் சிறுநீரில் வைரஸ் இன்னும் வரலாம் என்றால், வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்தா? பித்தநாள அடைப்பு அடுத்த பிள்ளைக்கும் வருமா?

மருத்துவர் (குழந்தைகள் கல்லீரல் பிரிவு)

வாழ்த்துகள் அம்மா. பித்தநாள அடைப்பு உடன்பிறந்தவர்களுக்கு மீண்டும் வருவது மிக அரிது. அந்தக் கவலை வேண்டாம். சி.எம்.வி.யைப் பொறுத்தவரை உங்கள் உடலில் ஏற்கெனவே எதிர்ப்பாற்றல் இருக்கிறது. முதன்முறையாகத் தொற்றும் தாயைவிடக் கருவுக்குக் கடத்தும் வாய்ப்பு உங்களுக்குக் குறைவு. முற்றிலும் இல்லை என்று சொல்ல முடியாது, ஏனெனில் உறங்கிய வைரஸ் விழிக்கலாம், வேறு வகைச் சி.எம்.வி.யும் புதிதாகத் தொற்றலாம். மகளை விலக்கிவைக்க வேண்டியதில்லை. அவளைக் கழுவிவிட்ட பிறகும், மூக்கு, வாயைத் துடைத்த பிறகும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். அவள் கடித்து மிச்சம் வைத்ததைச் சாப்பிடாதீர்கள், அதே கரண்டியைப் பயன்படுத்தாதீர்கள், முத்தம் உதட்டில் வேண்டாம், நெற்றியில் கொடுங்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் மகளின் விவரத்தை இப்போதே சொல்லி, குழந்தை பிறந்த முதல் வாரத்தில் சிறுநீரில் சி.எம்.வி. பி.சி.ஆர். எடுக்க வேண்டும் என்று உங்கள் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். காமாலை இரண்டு வாரத்தைத் தாண்டினால் நேரடி பிலிருபினையும் அன்றே பாருங்கள்.